கன்சோலும் சென்சாரும் கைகோக்க மறுத்தால்: வாசகர் கேள்வி – பதில்

நெட்வொர்க் ஊடுருவல் தடுப்புக் கருவியை, அதாவது ஐபிஎஸ்ஸை, அதன் நிர்வாகக் கன்சோலுடன் இணைப்பது பற்றி வந்த கேள்விகளை இந்த முறை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். பெரும்பாலானவை சிஸ்கோ ஃபயர்பவர் பற்றியவை என்பதால் அதையே முதன்மையாக எடுத்துக்கொள்கிறோம். அதில் போக்குவரத்தை ஆராயும் கருவி எஃப்டிடி. அதை ஆட்டுவிக்கும் கன்சோல் எஃப்எம்சி. கட்டளைகளை உச்சரிப்புப்படி தமிழில் தந்திருக்கிறோம். தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.

கேள்வி (ஓசூர்): எங்கள் தொழிற்சாலைக்கு ஃபயர்பவர் 1120 ஒன்று வாங்கியிருக்கிறோம். எஃப்எம்சியை விஎம்வேரில் ஓட்டப்போகிறோம். பெட்டியைப் பிரித்ததிலிருந்து இரண்டும் இணைவது வரை வரிசையாகச் சொல்ல முடியுமா?

கன்சோலில் தொடங்குங்கள், கருவியில் அல்ல. எஃப்எம்சி விஎம்முக்குக் குறைந்தது 28 ஜிபி ராம் வேண்டும். 32 கொடுத்தால் நிம்மதி. டிஸ்க் 250 ஜிபி. ராமைக் கிள்ளிக் கொடுத்துவிட்டுப் பிறகு ‘வெப் பக்கம் திறக்கவே அரைமணி ஆகிறது’ என்று புலம்புபவர்கள் நிறைய. விஎம் எழுந்ததும் முதல் வேலை, சரியான நேரம் சொல்லும் என்டிபி சர்வரைக் கொடுத்துக் கடிகாரத்தைச் சரிசெய்வது. இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறோம் என்பது அடுத்த பதிலில் புரியும்.

அடுத்தது வெர்ஷன். எஃப்எம்சி எப்போதும் எஃப்டிடிக்குச் சமமாகவோ மேலாகவோ இருக்க வேண்டும். 7.2 கன்சோலில் 7.4 கருவி சேராது. எதிர்ப்பக்கம் கொஞ்சம் தாராளம்: 7.4 கன்சோல் 7.0 கருவி வரைக்கும் இறங்கிவந்து பார்த்துக்கொள்ளும். பின்னாளில் அப்கிரேட் செய்யும்போதும் கன்சோல் முதலில், கருவி பிறகு.

மூன்றாவது, கருவியைச் சேர்ப்பதற்கு முன்பே எஃப்எம்சியில் ஓர் ஆக்சஸ் கன்ட்ரோல் பாலிசி எழுதி வையுங்கள். சேர்க்கும் திரையில் அதைக் கேட்கும். அந்த இடத்தில் அவசரமாகப் புதிதாக உருவாக்கும்போது ஒரு வலை இருக்கிறது. ‘டிஃபால்ட் ஆக்‌ஷன்’ என்ற இடத்தில் ‘பிளாக் ஆல் டிராஃபிக்’ ஏற்கெனவே தேர்வாகி நிற்கும். பார்க்காமல் சேமித்துவிட்டால் கருவி பதிவானதும் அந்த பாலிசிதான் அதில் போய் இறங்கும். ஓடிக்கொண்டிருக்கிற லைனில் கருவி இருந்தால் தொழிற்சாலை மொத்தமும் இருண்டுவிடும். ‘இன்ட்ரூஷன் பிரிவென்ஷன்’ என்று மாற்றி, அதற்குள் ‘பேலன்ஸ்ட் செக்யூரிட்டி அண்ட் கனெக்டிவிட்டி’யைத் தேர்ந்தெடுங்கள்.

இப்போது கருவிக்கு வாருங்கள். எம்ஜிஎம்டி என்று அச்சிட்ட போர்ட்டில் நிர்வாக விலேன், அதாவது நிர்வாகத்துக்கென்று தனியாகப் பிரித்த நெட்வொர்க், கேபிளைச் செருகுங்கள். கன்சோல் கேபிளில் 9600 பாட், 8 பிட், பாரிட்டி இல்லை, ஸ்டாப் பிட் 1. யூசர் அட்மின், பாஸ்வேர்டு அட்மின்123. உடனே மாற்றச் சொல்லும். 1000 வரிசைக் கருவிகளில் கன்சோல் கேபிள் உங்களை எஃப்எக்ஸ்ஓஎஸ் என்ற அடித்தளத்தில் கொண்டுபோய் விடும். ‘கனெக்ட் எஃப்டிடி’ என்று தட்டினால்தான் உள்ளே போக முடியும். அங்கே உரிம ஒப்பந்தம், ஐபி, மாஸ்க், கேட்வே, டிஎன்எஸ் என்று வரிசையாகக் கேட்கும். கேட்வே கேட்கும் இடத்தில் ‘டேட்டா இன்டர்ஃபேசஸ்’ என்று காட்டினால் என்டர் தட்டிவிடாதீர்கள். நிர்வாக விலேனின் உண்மையான கேட்வே ஐபியைக் கொடுங்கள். இல்லையென்றால் நிர்வாகப் பாக்கெட்டுகள் இன்னும் உயிர்பெறாத டேட்டா போர்ட்டுகள் வழியாகப் போகப்பார்த்து அங்கேயே சாகும்.

கடைசிக் கேள்வி: கருவியை லோக்கலாகவே நிர்வகிக்கப் போகிறீர்களா? ‘நோ’ சொல்லுங்கள். ‘யெஸ்’ சொல்லி, கருவியின் சொந்த வெப் பக்கத்தில் பத்து நாள் உட்கார்ந்து ரூல் எழுதிவிட்டுப் பிறகு எஃப்எம்சிக்கு மாறினால், நிர்வாக ஐபி போன்ற சிலவற்றைத் தவிர எழுதியதெல்லாம் அழிந்துபோகும்.

பிறகு ஒரே ஒரு வரி: ‘கான்ஃபிகர் மேனேஜர் ஆட்’, ஓர் இடம் விட்டு எஃப்எம்சியின் ஐபி, மறுபடி இடம் விட்டு ஒரு ரெஜிஸ்ட்ரேஷன் கீ. இந்தக் கீயை நீங்களே கற்பனையாக வைத்துக்கொள்ளலாம். எங்கிருந்தும் வாங்கிவர வேண்டியதில்லை. ஆங்கில எழுத்து, எண், ஹைஃபன் மட்டும், 37 எழுத்துக்குள். முதல் அறிமுகத்துக்கு மட்டும்தான் இது. அறிமுகம் முடிந்தபின் இருவரும் சர்டிஃபிகேட்டை வைத்துத்தான் ஒருவரையொருவர் அடையாளம் காண்பார்கள். அதனால் கீயை மறந்துவிட்டோமே என்று பிறகு பதற வேண்டாம்.

எஃப்எம்சியில் ‘டிவைசஸ்’ மெனு, ‘டிவைஸ் மேனேஜ்மென்ட்’, ‘ஆட்’, ‘டிவைஸ்’. கருவியின் ஐபி, பெயர், அதே கீ, முன்பு எழுதிய பாலிசி, லைசென்ஸ் டிக் ஆகியவற்றைக் கொடுங்கள். ‘டிரான்ஸ்ஃபர் பாக்கெட்ஸ்’ டிக்கை எடுக்காதீர்கள். எடுத்தால் தாக்குதல் பதிவு மட்டும் வரும், அந்தத் தாக்குதல் இருந்த பாக்கெட் வராது. பாக்கெட் இல்லாத பதிவை வைத்துக்கொண்டு அது உண்மையா பொய்யா என்று தீர்மானிப்பது குருடன் யானையைத் தடவிய கதைதான். எல்லாம் சரியென்றால் சில நிமிடங்களில் பதிவு முடிந்துவிடும்.

கேள்வி (சென்னை): எல்லாம் செய்தாயிற்று. ‘ஷோ மேனேஜர்ஸ்’ கொடுத்தால் இரண்டு நாளாக ‘பென்டிங்’ என்றே நிற்கிறது. கீயை ஆறு முறை மாற்றிப் பார்த்துவிட்டோம்.

கீயைக் கீழே வையுங்கள். முதலில் பாதை, பிறகு கடிகாரம், அதற்குப் பிறகுதான் கீ. எல்லாரும் இதைத் தலைகீழாகச் செய்வதால்தான் இரண்டு நாள் போகிறது.

கருவிக்கும் கன்சோலுக்கும் நடுவே ஓடுவது எஸ்எஃப்டன்னல் என்ற, டிஎல்எஸ் முறையில் மறையாக்கிய குழாய். டிசிபி 8305 போர்ட். பதிவு, பாலிசி, அலர்ட், நலம் விசாரிப்பு எல்லாம் இந்த ஒரே குழாய் வழியாகத்தான். இரண்டு பக்கத்தில் எவர் வேண்டுமானாலும் முதல் அழைப்பு விடுக்கலாம் என்பதால், நடுவில் ஃபயர்வால் இருந்தால் 8305-ஐ இரு திசைக்கும் திறக்க வேண்டும். ஒரு திசைக்கு மட்டும் திறந்துவிட்டு ‘திறந்தாயிற்று’ என்று சொல்கிற நெட்வொர்க் டீம் எல்லா ஊரிலும் உண்டு.

வாக்குவாதம் வேண்டாம், பாக்கெட்டைப் பாருங்கள். கருவியில் ‘கேப்சர்-டிராஃபிக்’ தட்டினால் எந்த இன்டர்ஃபேஸ் என்று கேட்கும். நிர்வாக இன்டர்ஃபேஸைத் தேர்ந்தெடுங்கள். ஆப்ஷன் கேட்கும் இடத்தில் ‘-என் போர்ட் 8305’. இப்போது திரையில் மூன்றில் ஒன்று தெரியும். இணைப்புக் கேட்கும் சின் பாக்கெட் மட்டும் ஒரு நொடி, இரண்டு நொடி, நான்கு நொடி இடைவெளியில் திரும்பத் திரும்பப் போய், பதிலே இல்லையென்றால் நடுவில் யாரோ விழுங்குகிறார்கள், அல்லது ஐபியே தப்பு. சின்னுக்கு உடனே ஆர்எஸ்டி என்ற மறுப்பு வந்தால் பாதை இருக்கிறது, ஆனால் அங்கே கேட்க ஆளில்லை, அல்லது நடு ஃபயர்வால் முகத்தில் அடித்துத் துரத்துகிறது. மூன்று கைகுலுக்கலும் முடிந்து, டிஎல்எஸ் ஹலோவும் போய், அதன்பின் இழுத்துக்கொண்டு நின்றால் அது வேறு நோய்.

அந்த வேறு நோய்க்கு மூன்று காரணங்கள்தான் அடிக்கடி வரும்.

ஒன்று எம்டியூ, அதாவது ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு. கிளை அலுவலகம் விபிஎன் வழியாக வந்தால் 1500 பைட் பாக்கெட் முழுசாகப் போகாது; ஐபிசெக் தன் உறையைச் சுற்றுவதற்கு இடம் எடுத்துக்கொள்ளும். பிங்கும் சின்னும் குட்டிப் பாக்கெட்டுகள், துள்ளிக்கொண்டு போய்விடும். சர்டிஃபிகேட் வருகிற பாக்கெட் பருமன். அது வாசலில் சிக்கிக்கொள்ளும். ‘பிங் போகிறதே!’ என்று எல்லாரும் சத்தியம் செய்வது இதனால்தான். கருவியில் ‘எக்ஸ்பர்ட்’ தட்டி லினக்ஸுக்குள் போய், துண்டாக்கக் கூடாது என்ற கட்டளையுடன், அதாவது ‘-எம் டு’ சேர்த்து, ‘-எஸ் 1472’ அளவில் எஃப்எம்சிக்குப் பிங் அடியுங்கள். 1472-உடன் ஐசிஎம்பி தலை 8, ஐபி தலை 20 சேர்ந்தால் 1500. போகவில்லையா? குறைத்துக்கொண்டே வாருங்கள். 1372-இல் போகிறதென்றால் பாதையின் கொள்ளளவு 1400. எக்ஸ்பர்ட்டிலிருந்து வெளியே வந்து ‘கான்ஃபிகர் நெட்வொர்க் எம்டியூ 1400’ கொடுத்தால் தீர்ந்தது.

இரண்டு, நடுவில் உட்கார்ந்து டிஎல்எஸ்ஸைப் பிரித்துப் படிக்கிற இன்னொரு ஃபயர்வாலோ பிராக்ஸியோ. அது தன் சர்டிஃபிகேட்டை நீட்டும்; எஸ்எஃப்டன்னல் ‘யார் நீ?’ என்று கதவைச் சாத்திவிடும். 8305-க்கு டிக்ரிப்ஷன் விலக்கு எழுதச் சொல்லுங்கள்.

மூன்று, கடிகாரம். பதிவின்போது எஃப்எம்சி கருவிக்கு ஒரு சர்டிஃபிகேட் கையெழுத்திட்டுத் தருகிறது. அதில் ‘இந்த நேரத்திலிருந்து செல்லும்’ என்று இருக்கும். யாரோ இந்திய நேரத்தை உலகப் பொது நேரமான யூடிசி என்று நினைத்து விஎம்வேரின் ஈஎஸ்எக்ஸ் சர்வரில் போட்டுவிட்டார்கள் என்று வையுங்கள். எஃப்எம்சி ஐந்தரை மணி நேரம் எதிர்காலத்தில் வாழ்கிறது. அது தருகிற சர்டிஃபிகேட் கருவியின் கண்ணுக்கு ‘இன்னும் பிறக்கவில்லை’. காலையில் அடம்பிடித்த கருவி மாலையில் ஒன்றுமே செய்யாமல் சேர்ந்துவிட்டால், பேய் அல்ல, இதுதான். இரண்டு பக்கமும் ‘ஷோ டைம்’ போன்ற கட்டளையால் யூடிசி நேரத்தை ஒப்பிடுங்கள். நேர மண்டலம் வேறுபட்டால் பரவாயில்லை. யூடிசி ஒன்றாக இருக்க வேண்டும்.

இவ்வளவும் சரியென்றால் மட்டும் கீ. கருவியில் ‘கான்ஃபிகர் மேனேஜர் டிலீட்’ கொடுத்துப் பழையதைத் துடைத்து, எஃப்எம்சியிலும் அரைகுறைப் பதிவை நீக்கி, இரு பக்கமும் ஒரே கீயை மறுபடி கொடுங்கள். வேர்டு ஃபைலிலிருந்து ஒட்டாதீர்கள். ஹைஃபனை அது நீளக் கோடாக மாற்றி வைத்திருக்கும். கண்ணுக்குத் தெரியாது, கருவிக்குத் தெரியும்.

கேள்வி (திருநெல்வேலி): கிளை அலுவலகத்தில் நிலையான பப்ளிக் ஐபி கிடையாது. பிராட்பேண்ட் ரவுட்டருக்குப் பின்னால் எஃப்டிடி. தலைமை அலுவலக எஃப்எம்சியுடன் இணைக்க முடியுமா?

முடியும். அதற்குத்தான் நேட் ஐடி. நேட் என்பது உள்ளே இருக்கும் ஐபியை ரவுட்டர் தன் பப்ளிக் ஐபியாக மாற்றி அனுப்புவது. நேட்டுக்குப் பின்னால் இருப்பவரின் ஐபி எதிர்ப்பக்கத்துக்குப் புரியாது. ஆகவே ஐபிக்குப் பதிலாக ‘நான்தான் இன்னார்’ என்று சொல்ல ஒரு குறிச்சொல். கருவியில் எஃப்எம்சியின் பப்ளிக் ஐபி, கீ, அதன்பின் நேட் ஐடி. எஃப்எம்சியில் ஹோஸ்ட் பெட்டியைக் காலியாக விட்டுவிட்டு அதே கீயும் நேட் ஐடியும். அழைப்பை எப்போதும் கிளைதான் தொடங்கும், எனவே பிராட்பேண்ட் ரவுட்டரில் எதுவும் திறக்க வேண்டாம்.

கன்சோல்தான் நேட்டுக்குப் பின்னால், கருவிக்கு நேரடி ஐபி உண்டு என்றால் அப்படியே திருப்பிப் போடுங்கள்: கருவியில் ஐபி கேட்கும் இடத்தில் ‘டோன்ட்ரிசால்வ்’ என்ற சொல், பிறகு கீ, நேட் ஐடி, எஃப்எம்சியில் கருவியின் ஐபி. இரண்டும் ஒளிந்திருந்தால் நடக்காது. எங்கேயாவது ஒரு பக்கம் டிசிபி 8305-ஐ போர்ட் ஃபார்வர்டு செய்தே ஆக வேண்டும். அப்படித் திறக்கும்போது இணையம் முழுவதற்கும் திறந்து வைக்காமல், எந்த ஐபியிலிருந்து வருமோ அதற்கு மட்டும் திறங்கள்.

பத்துக் கிளைக்கும் கீ ஒன்றாகவே இருக்கலாம். நேட் ஐடி ஒவ்வொன்றுக்கும் தனித்தனி. இதை மாற்றிச் செய்தால் இரண்டாவது கிளை முதல் கிளையின் பெயரில் வந்து நிற்கப்பார்க்கும்.

கேள்வி (யாழ்ப்பாணம்): கன்சோல் சர்வர் செயலிழந்தால் ஐபிஎஸ்ஸும் காவலை விட்டுவிடுமா?

விடாது. ரூல்கள் கருவிக்குள்ளேயே இருக்கின்றன. அது பாட்டுக்கு ஆராயும், தடுக்கும். அலர்ட்டுகளைத் தன்னிடமே சேர்த்துவைத்து, குழாய் மீண்டதும் அனுப்பும். ஆனால் அந்த இடம் அளவானது, நிரம்பினால் பழையது போகும். புதிய பாலிசியோ புதிய ரூல் பாக்கேஜோ இறக்க முடியாது. இன்னொன்று பலருக்குத் தெரியாது: சந்தேகக் கோப்பு மால்வேரா என்று சிஸ்கோ கிளவுடிடம் கேட்பது எஃப்எம்சி வழியாகத்தான். கன்சோல் படுத்திருக்கும்போது புதுக் கோப்புகளுக்கு அந்தத் தீர்ப்பு கிடைக்காது.

கேள்வி (மதுரை): கருவி பச்சை டிக்குடன் அழகாக இருக்கிறது. மூன்று வாரமாக ஒரு இன்ட்ரூஷன் அலர்ட்கூட இல்லை. நெட்வொர்க் அவ்வளவு சுத்தமா?

அவ்வளவு சுத்தமான நெட்வொர்க் கேபிள் செருகாத நெட்வொர்க் மட்டும்தான். பச்சை டிக்குக்குப் பொருள் ‘குழாய் உயிரோடு இருக்கிறது’ என்பது மட்டுமே. கருவி எதையாவது பார்க்கிறதா என்பது அதில் தெரியாது.

முதலில் ஐபிஎஸ் லைசென்ஸ். பழைய வெர்ஷன்களில் இதன் பெயர் திரெட். அடிப்படை லைசென்ஸ் மட்டும் இருந்தால் கருவி வெறும் ஃபயர்வால். சோதனை ஓட்டம் 90 நாள் தருவார்கள். அது முடிந்த தேதியைப் பாருங்கள்.

அடுத்து ஆக்சஸ் கன்ட்ரோல் பாலிசியில் ஒவ்வொரு ரூலையும் திறந்து பாருங்கள். மிக அதிகமாக மாட்டுவது இங்கேதான். இன்ட்ரூஷன் பாலிசி என்பது தனியாக ஒட்டிக்கொள்ளாது. ‘அலோ’ என்ற ரூல் ஒவ்வொன்றிலும் ‘இன்ஸ்பெக்‌ஷன்’ பகுதியில் அதை இணைக்க வேண்டும். டிஃபால்ட் ஆக்‌ஷனில் மட்டும் இணைத்துவிட்டு, மேலே ‘எல்லாவற்றையும் அனுமதி’ என்று ஒரு ரூல் போட்டிருந்தால், ஒரு பாக்கெட்கூட டிஃபால்ட் வரை இறங்கி வராது. ‘டிரஸ்ட்’ ரூலோ ‘ஃபாஸ்ட்பாத்’தோ இன்னும் மோசம்: அவை ஆழ்ந்த சோதனையே இல்லாமல் கடத்திவிடும்.

பிறகு வேரியபிள் செட். ‘ஹோம் நெட்’ என்றால் உங்கள் வீடு எது என்று கருவிக்குச் சொல்வது. அது வாங்கிய நிலையில் ‘எனி’ என்று இருக்கும். அங்கே உங்கள் 10-இல் தொடங்கும் ஐபிகளையோ 192.168 ஐபிகளையோ கொடுங்கள். இங்கே தப்பான சப்நெட்டைக் கொடுத்துவிட்டால், வெளியிலிருந்து வீட்டுக்கு வருகிற தாக்குதலை ‘இது நம் வீடல்ல’ என்று கருவி ஒதுக்கிவிடும்.

இவற்றைச் சரிபார்த்தபின் ஒரு சின்னப் பரிசோதனை. உங்கள் இன்ட்ரூஷன் பாலிசியில் எஸ்ஐடி 384 என்ற ரூலைத் தேடுங்கள். சாதாரணப் பிங் பாக்கெட்டைப் பிடிக்கிற ரூல் அது, இயல்பில் அணைந்திருக்கும். அதை ‘அலர்ட்’ என்று மாற்றி, டிப்ளாய் செய்து, கருவியைக் கடந்து போகும்படி ஒரு கம்ப்யூட்டரிலிருந்து நாலு பிங் அடியுங்கள். கருவிக்கே அடிக்கக் கூடாது; கடந்து போக வேண்டும். ‘அனாலிசிஸ்’ மெனுவில் இன்ட்ரூஷன் ஈவென்ட்டுகளைத் திறந்தால் ஒரு நிமிடத்துக்குள் உங்கள் பிங் வந்து நிற்க வேண்டும். வந்தால் லைசென்ஸ், பாலிசி, வேரியபிள், குழாய் நான்கும் சரி. முடிந்ததும் மறக்காமல் அணையுங்கள். இல்லையென்றால் மறுநாள் காலை பிங் அலர்ட்டுகள் லட்சக்கணக்கில் குவிந்து மற்றதெல்லாம் மூழ்கிப்போயிருக்கும்.

பிங் அலர்ட் வருகிறது, மற்றவை வரவில்லை என்றால் போக்குவரத்தில் பெரும்பகுதி எச்டிடிபிஎஸ் என்பதை நினைவில் வையுங்கள். உறை பிரிக்காத கடிதத்தை, கருவிக்குள் ஆராயும் இன்ஜினான ஸ்னார்ட்டின் எந்த ரூலாலும் படிக்க முடியாது. உங்கள் வெப் சர்வருக்கு வருகிற போக்குவரத்துக்காவது அந்தச் சர்வரின் சர்டிஃபிகேட்டையும் கீயையும் கொடுத்து டிக்ரிப்ஷன் போடுவது பலன் தரும்.

கேள்வி (கோவை): எஃப்எம்சியின் ஐபியை மாற்றுகிறோம். இருபது கருவிகளையும் நீக்கிவிட்டு மறுபடி சேர்க்க வேண்டுமா?

ஐயோ, வேண்டாம். நீக்கினால் இன்டர்ஃபேஸ் அமைப்புகளையும் ரூட்டுகளையும் விபிஎன்களையும் திரும்ப எழுத வேண்டியிருக்கும். ஒவ்வொரு கருவியிலும் ‘ஷோ மேனேஜர்ஸ்’ கொடுத்தால் ‘ஐடென்டிஃபையர்’ என்று ஒரு நீண்ட எண் தெரியும். ‘கான்ஃபிகர் மேனேஜர் எடிட்’, அந்த எண், ‘ஹோஸ்ட்நேம்’, புது ஐபி. அவ்வளவுதான், இந்தக் கட்டளை 6.7 முதல் உண்டு. கருவியின் ஐபி மாறினால் எஃப்எம்சியில் அந்தக் கருவியின் ‘மேனேஜ்மென்ட்’ பகுதியில் ஹோஸ்ட்டை மாற்றிவிடுங்கள்.

கேள்வி (சிங்கப்பூர்): எங்கள் எஃப்எம்சி நிறுவிப் பத்தாண்டு ஆகப்போகிறது. ‘சர்டிஃபிகேட் முடியப்போகிறது, எதையும் ரீபூட் செய்யாதீர்கள்’ என்று சப்ளையர் பயமுறுத்துகிறார். உண்மையா?

உண்மை. மிகையாகச் சொல்லவில்லை. எஸ்எஃப்டன்னலுக்குக் கையெழுத்திடுவது எஃப்எம்சிக்கு உள்ளேயே இருக்கும் ஒரு சிஏ, அதாவது சர்டிஃபிகேட் வழங்கும் அமைப்பு. எஃப்எம்சியை முதன்முதலில் நிறுவிய நாளில் அது பிறக்கும். ஆயுள் 10 ஆண்டு. நடுவில் எத்தனை அப்கிரேட் செய்திருந்தாலும் அந்தப் பிறந்தநாள் மாறாது. 2016-இல் நிறுவியதென்றால் 2026.

இதில் நயவஞ்சகமான பகுதி என்னவென்றால், காலாவதியான அன்று ஒன்றும் நடக்காது. ஏற்கெனவே எழுந்து நிற்கிற குழாய் அப்படியே ஓடும். அடுத்த முறை குழாய் அறுந்தால், அது ரீபூட்டாலோ கேபிள் அசைந்ததாலோ இருக்கலாம், மறுபடி கட்டும்போதுதான் சர்டிஃபிகேட்டைப் பார்க்கும், பார்த்து மறுத்துவிடும். ஒரு மின்வெட்டு போதும், இருபது கருவியும் ஒரே இரவில் கன்சோலை விட்டுப் போகும்.

தேதியை இப்போதே பாருங்கள். எஃப்எம்சியில் எக்ஸ்பர்ட்டுக்குள் போய், ‘இடிசி’ கோப்புறைக்குள் ‘எஸ்எஃப்’, அதற்குள் ‘சிஏ ரூட்’. அங்கே ‘சிஏசெர்ட்’ என்ற பெம் கோப்பு இருக்கும். ஓப்பன்எஸ்எஸ்எல்லின் ‘எக்ஸ்509’ கட்டளையில் ‘-டேட்ஸ் -நோஅவுட்’ சேர்த்து அந்தக் கோப்பைக் கொடுத்தால் தொடங்கிய நாளும் முடியும் நாளும் இரண்டு வரியில் வரும். ஓராண்டுக்குள் என்றால் சிஸ்கோ வெளியிட்டுள்ள திருத்தம் சேர்ந்த வெர்ஷனுக்கோ ஹாட்ஃபிக்ஸுக்கோ போய், அதில் வருகிற ‘ஜெனரேட் செர்ட்ஸ்’ ஸ்கிரிப்டை ஓட்ட வேண்டும். அது புது சிஏவை உருவாக்கி, உயிரோடு இருக்கிற குழாய் வழியாகவே புது சர்டிஃபிகேட்டுகளைக் கருவிகளுக்குத் தள்ளிவிடும். குழாய் அறுந்தபின் செய்வதானால் ஒவ்வொரு கருவிக்கும் கையால் கோப்பு சுமந்து போக வேண்டும். உங்கள் சப்ளையர் ரீபூட் வேண்டாம் என்றது அதனால்தான், கேளுங்கள்.

கேள்வி (ஈரோடு): எஃப்எம்சியில் இருக்கும் அலர்ட்டுகளை, எல்லாக் கருவிகளின் பதிவுகளையும் ஓரிடத்தில் சேர்த்து ஆராயும் சீயெம் சர்வருக்கும் அனுப்ப எது நல்லது, ஈஸ்ட்ரீமரா சிஸ்லாகா?

ஈஸ்ட்ரீமர் எஃப்எம்சியிலிருந்து டிசிபி 8302 வழியே, சர்டிஃபிகேட் சோதனையோடு, பாக்கெட் உட்பட விரிவாகத் தரும். அமைப்பது கொஞ்சம் வேலை. சிஸ்லாக், அதாவது பதிவுகளை வரி வரியாக அனுப்பும் பொது முறை, எளிது. 6.3 முதல் கருவியே நேராக சிஸ்லாக் அனுப்பும், அதனால் கன்சோல் படுத்தாலும் அலர்ட் வந்துகொண்டிருக்கும். ஒரே ஆள் பார்த்துக்கொள்கிற இடமென்றால் நேரடி சிஸ்லாகே போதும் என்பது எங்கள் கருத்து.

கேள்வி (நாகர்கோவில்): சிறிய நிறுவனம். லைசென்ஸ் வாங்கக் கட்டாது. இலவச மென்பொருளில் இதே மாதிரி ஐபிஎஸ் ஒன்றும் கன்சோல் ஒன்றும் அமைக்க முடியுமா?

சூரிகாட்டா என்ற இலவச ஐபிஎஸ்ஸும் வாசு என்ற இலவசக் கண்காணிப்பு மென்பொருளும் சேர்ந்தால் முக்கால்வாசி கிடைக்கும். முன்பே ஒன்றைச் சொல்லிவிடுகிறோம்: வாசு பார்க்கிற கன்சோல், ஆள்கிற கன்சோல் அல்ல. அலர்ட்டுகளை ஓரிடத்தில் காட்டும். ஐபிஎஸ் ரூல்களைக் கருவியில்தான் மாற்ற வேண்டும்.

கேட்வே லினக்ஸ் பெட்டியில் சூரிகாட்டாவை ‘-கியூ 0’ என்று கொடுத்து வரிசை முறையில் ஓட்டுங்கள். ஐபிடேபிள்ஸில் ஃபார்வர்டு சங்கிலியை என்எஃப்கியூ வரிசை 0-க்குத் திருப்புங்கள். கூடவே ‘கியூ-பைபாஸ்’ சேர்ப்பதா வேண்டாமா என்பதை முதலாளியிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். சேர்த்தால் சூரிகாட்டா விழும்போது போக்குவரத்து சோதனையில்லாமல் ஓடும். சேர்க்காவிட்டால் நெட் நின்றுவிடும். இரண்டுக்கும் வசவு உண்டு, எது குறைவு என்பது உங்கள் தொழிலைப் பொறுத்தது.

ரூல்களை ‘சூரிகாட்டா-அப்டேட்’ கொண்டுவரும். எமர்ஜிங் திரெட்ஸ் ஓப்பன் தொகுப்பு இலவசம். அவை பெரும்பாலும் ‘அலர்ட்’ என்றே வரும், ‘டிராப்’ அல்ல. வரிசையில் வைத்துவிட்டோம், தடுக்கிறது என்று நம்பிக்கொண்டிருப்பவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. தடுக்க வேண்டிய வகைகளை ‘டிராப்’ கான்ஃப் கோப்பில் எழுதி மறுபடி அப்டேட் ஓட்ட வேண்டும். முதல் இரண்டு வாரம் அலர்ட்டாகவே விட்டு, தவறாகக் கத்துபவற்றைக் களைந்துவிட்டுப் பிறகு டிராப்புக்குப் போவதுதான் புத்திசாலித்தனம்.

இணைப்புக்கு அதே பெட்டியில் வாசு ஏஜென்ட். சேர்வதற்கு டிசிபி 1515, பிறகு பதிவுகள் போவதற்கு 1514. ஏஜென்ட்டின் கான்ஃப் கோப்பில் ஒரு ‘லோக்கல்ஃபைல்’ பகுதி சேர்த்து, வடிவம் ‘ஜேசன்’, இடம் சூரிகாட்டாவின் ‘ஈவ்’ ஜேசன் கோப்பு என்று எழுதி ஏஜென்ட்டை ரீஸ்டார்ட் செய்யுங்கள். ஈவ் கோப்பில் அலர்ட் மட்டுமல்ல, டிஎன்எஸ், ஃபுளோ என்று எல்லாமே கொட்டும். சூரிகாட்டாவின் யாமல் கோப்பில் வேண்டாததை அணைக்காவிட்டால் டிஸ்க் வேகமாக நிரம்பும். அதற்குப் பயந்து லாக்ரொட்டேட் போடுபவர்கள் ஒன்றை விட்டுவிடுவார்கள்: கோப்பைப் பெயர் மாற்றியபின் சூரிகாட்டாவுக்கு, கோப்பை மறுபடி திறக்கச் சொல்லும் ஹப் சிக்னல் அனுப்ப வேண்டும். அனுப்பாவிட்டால் அது பழைய கோப்பிலேயே எழுதிக்கொண்டிருக்கும்; வாசு புதுக் காலிக் கோப்பைப் பார்த்தபடி ‘அலர்ட் எதுவும் இல்லை’ என்று உட்கார்ந்திருக்கும்.